தொழுநோயில் நரம்பைக் காப்பாற்றுவது எப்படி: வீட்டுச் சோதனையும் கை, கால், கண் பராமரிப்பும்

தொழுநோய்க் கிருமியை மாத்திரை கொன்றுவிடும், அதில் சந்தேகமே வேண்டாம். ரிஃபாம்பிசின் என்ற மருந்து முதல் வேளை உள்ளே போனதுமே கிருமிகளில் பெரும்பங்கு செத்துப்போகிறது, சில நாட்களிலேயே அடுத்தவருக்குப் பரவும் வாய்ப்பும் அநேகமாக இல்லாமல் ஆகிறது. ஆனால் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருக்கும்போதே விரல் மடங்கிப்போனவர்களையும், கோர்ஸ் முடித்து நிம்மதியாக வீட்டுக்குப் போன பிறகு பாதம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தவர்களையும் பிசியோதெரபி அறையில் இன்றைக்கும் பார்க்கிறேன். அவர்களில் நிறையப் பேருக்கு அந்த ஊனம் வந்தே இருக்க வேண்டியதில்லை. நரம்பு பலவீனமாக ஆரம்பித்த முதல் சில வாரங்களில் யாராவது அதைக் கவனித்திருந்தால் போதும்.

அந்த யாராவது, நோயாளியும் அவர் வீட்டாரும்தான். டாக்டர் மாதம் ஒருமுறை பார்ப்பார், அதுவும் கூட்டமான நாளில் சில நிமிடம். உங்கள் கை தினமும் உங்களிடமே இருக்கிறது. ஒரு பேனா, ஒரு பஞ்சு, ஒரு நோட்டு, கூட ஒரு ஆள் இருந்தால் பத்து நிமிடத்தில் நரம்பைச் சோதித்துவிடலாம். அதை எப்படிச் செய்வது, மாற்றம் தெரிந்தால் என்ன செய்வது, ஏற்கெனவே மரத்துப்போன கை காலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மூன்றையும் எழுதுகிறேன்.

"தொழுநோயா? அதெல்லாம் எப்பவோ போயிடுச்சே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒழித்தாயிற்று என்று சொல்லப்பட்ட 2005 டிசம்பரில் இந்தியா எட்டியது, நோயாளிகள் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவைத்தான். நாடு பெரியது, அதனால் 2023இல்கூட இங்கே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 1 லட்சத்துக்கும் மேல், உலகக் கணக்கில் பாதிக்கு மேல். நோய் குறைந்ததில் ஒரு கெடுதலும் நடந்தது: இதைப் பார்த்தே பழகாத டாக்டர்கள் கூடிவிட்டார்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் என்றும், சர்க்கரை என்றும், வைட்டமின் குறைவு என்றும் மாதக்கணக்கில் வேறு மருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கிருமி நரம்பை எப்படிக் கெடுக்கிறது

இது தெரிந்தால்தான் பின்னால் சொல்லப்போகும் சோதனைகள் ஏன் அந்தந்த இடத்தில் என்று புரியும், அதனால் தாண்டிப் போகாதீர்கள்.

மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற இந்தக் கிருமியை 1873இல் நார்வேயில் ஹேன்சன் என்ற மருத்துவர் கண்டார். காசநோய்க் கிருமிக்கு உறவு, ஆனால் வளர்ச்சி மிக மிக மெதுவு, ஒன்று இரண்டாவதற்கே 12 முதல் 14 நாள் ஆகும். உடம்புக்குள் வந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 வருடம், சிலருக்கு 20 வருடம்கூட ஆகிறது, ஆகவே யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை. நூற்றுக்கு தொண்ணூறு பேருக்கு மேல் இந்தக் கிருமிக்கு இயற்கையிலேயே எதிர்ப்பு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதற்குப் பிடித்தது உடம்பிலேயே கொஞ்சம் குளிர்ச்சியான இடங்கள். மூளையும் தண்டுவடமும் சூடான உள்பகுதி, அங்கே இது போவதில்லை. தோல், மூக்கு, காதுமடல், பிறகு தோலுக்குப் பக்கத்திலேயே ஓடும் நரம்புகள், இவைதான் அதன் இடம். நரம்பு இழைகளைச் சுற்றி ஷ்வான் செல்கள் என்று உண்டு, இழையைப் போர்த்தி ஊட்டம் கொடுத்துப் பாதுகாப்பவை. கிருமியின் மேலுறையில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள், ஷ்வான் செல்லின் வெளிப்புறம் இருக்கும் லேமினின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், அப்படியே உள்ளே நுழைந்துவிடும். நுழைந்த பிறகு வருடக்கணக்கில் சத்தமே இருக்காது.

நாசம் பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான். நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் ஒரு கட்டத்தில் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்து நரம்புக்குள்ளேயே புகுந்து தாக்க ஆரம்பிக்கும். நரம்பு வீங்கும். வெளியில் எங்காவது வீங்கினால் தோல் விரிந்து இடம் கொடுக்கும், ஆனால் முழங்கையிலும் கணுக்காலிலும் நரம்பு எலும்புக்கும் தசைநாருக்கும் இடையே இடுக்கான வழியில் போகிறது. விரல் வீங்கியதும் மோதிரம் இறுகுவது போலத்தான், உள்ளே ரத்த ஓட்டம் நின்று இழைகள் ஒவ்வொன்றாகச் சாகும். இன்னொன்று, செத்த கிருமியின் துண்டுகளும் நரம்பில் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கிடக்கும். எதிர்ப்பு அணுக்களுக்கு உயிருள்ள கிருமி, செத்த கிருமி என்ற வித்தியாசம் கிடையாது. மாத்திரை போடும்போதும் முடித்த பிறகும் நரம்பு கெடுவதற்குக் காரணம் இதுதான். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

மெல்லிய இழைகள்தான் முதலில் போகும். சூடு குளிர்ச்சி தெரியாமல் போவது, வலி குறைவது, வியர்க்காமல் வறண்டுபோவது என்று தொடங்கி, அப்புறம் தொடு உணர்ச்சி, கடைசியில் தசையின் பலம். விரல் மடங்கிய பிறகு வருகிறவர் இந்த வரிசையின் கடைசிப் படியில் வருகிறார்.

முதல் சந்தேகம்: எந்தத் தேமலைச் சோதிப்பது

தோல் நிறத்தைவிட வெளுத்தோ, செம்பு நிறத்திலோ ஒரு தேமல், அரிப்பு இல்லை, வலி இல்லை, வியர்ப்பதில்லை, அங்கே முடி உதிர்ந்திருக்கிறது என்றால் சோதியுங்கள். பஞ்சைத் திரித்து நுனியை மெல்லியதாக்கிக்கொள்ளுங்கள். முதலில் கண் திறந்திருக்கும்போது நல்ல தோலில் தொட்டுக் காட்டி, "இப்படித் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும்" என்று சொல்லிப் பழக்குங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலிலும் தேமலிலும் மாற்றி மாற்றி, ஒரே தாளத்தில் இல்லாமல் தொடுங்கள். தடவாதீர்கள், ஒரு புள்ளியில் தொட்டு எடுங்கள். "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே தொட்டால் யாரும் "ஆமா"தான் சொல்வார்கள், அதனால் வாயைத் திறக்காமல் செய்யுங்கள். முகத்தில் இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே நரம்பு மிகுதி என்பதால் நோய் இருந்தாலும் உணர்ச்சி இருக்கும்.

தேமல் மரத்திருந்தால் வேறு யோசனை வேண்டாம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மரக்கவில்லை என்றால் தொழுநோய் இல்லை என்றும் முடிவு கட்டிவிட முடியாது. கிருமி அதிகம் இருக்கும் வகையில் தேமல் தெளிவாகத் தெரியாது; தோல் எண்ணெய் தடவியது போல மினுங்கும், காதுமடல் தடிக்கும், புருவ முடி ஓரத்திலிருந்து கொட்டும், மூக்கு அடைத்தே இருக்கும். தேமலே இல்லாமல் நரம்பை மட்டும் தாக்கும் வகையும் இருக்கிறது, நம் நாட்டில் அது அபூர்வம் இல்லை.

சர்க்கரை நோயில் வரும் மரப்பும் இதுவும் குழம்பிப்போவது நிறைய நடக்கிறது. சர்க்கரையில் மரப்பு பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். தொழுநோயில் ஒரு பக்கம் மட்டும், ஒரு நரம்பின் எல்லைக்குள் மட்டும் என்று துண்டு துண்டாக வரும், நரம்பைத் தொட்டால் கயிறு மாதிரி தடித்திருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு, ஆகவே சர்க்கரை இருக்கிறது என்பதாலேயே இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

மாதாந்திர நரம்புச் சோதனை

நோய் உறுதியாகி மருந்து தொடங்கியவர்கள் மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். நரம்பு வலியோ வீக்கமோ வந்திருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நோட்டில் தேதி போட்டு, இடது வலது தனித்தனியாக எழுதுங்கள். எழுதாமல் நினைவில் வைத்துக்கொள்வேன் என்பது வேலைக்கு ஆகாது, பலம் மெல்ல மெல்லக் குறையும்போது நம் மனசு அதற்குப் பழகிவிடும்.

உணர்ச்சிக்கு: கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பால்பாயிண்ட் பேனா நுனியால் தோல் லேசாக அமுங்கும் அளவுக்குத் தொடுங்கள், குத்த வேண்டாம். உள்ளங்கையில் கட்டைவிரல் நுனி, ஆள்காட்டி விரல் நுனி, சுண்டுவிரல் நுனி, சுண்டுவிரலுக்கு நேர் கீழே உள்ளங்கை ஓரம். உள்ளங்காலில் பெருவிரல், அதன் கீழ் மேடு, சின்ன விரலின் கீழ் மேடு, குதிகால். குதிகால் தோல் இயல்பிலேயே தடிப்பு, அங்கே கொஞ்சம் அழுத்தலாம். நோட்டில் கை, பாதத்தின் வெளிக்கோடு வரைந்துகொண்டு, தெரிந்த இடத்தில் ஒரு டிக், தெரியாத இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டால் அடுத்த மாதம் ஒரே பார்வையில் ஒப்பிட்டுவிடலாம். மருத்துவமனைகளில் இதையே குறிப்பிட்ட அழுத்தத்தில் (கைக்கு 2 கிராம், பாதத்துக்கு 10 கிராம்) வளையும் நைலான் இழையால் செய்கிறார்கள்.

பலத்துக்கு ஐந்து அசைவு போதும். ஒவ்வொன்றையும் "பலம் இருக்கு", "குறைவு", "அசையவே இல்லை" என்று மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள்.

சுண்டுவிரலில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் தொழுநோயில் அதிகம் அடிபடும் நரம்புகளில் ஒன்று அதற்குப் போகும் அல்நார் நரம்புதான். முழங்கையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அதே நரம்பு. உள்ளங்கை மேலே பார்க்க மேஜையில் வைத்து, சுண்டுவிரலை மட்டும் மோதிர விரலிலிருந்து விலக்கச் சொல்லுங்கள். விலகிய விரலின் அடிப்பகுதியில் நீங்கள் உங்கள் விரலால் எதிர்த்துத் தள்ளுங்கள். ஆரோக்கியமான விரல் விட்டுக்கொடுக்காது. இன்னும் நுட்பமாகப் பார்க்க விரும்பினால், நீட்டிய இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு போஸ்ட் கார்டு அளவு தாளைப் பிடிக்கச் சொல்லி மெதுவாக உருவுங்கள், எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் நரம்பு தளர ஆரம்பித்துவிட்டது. பல நேரம் நோயாளிக்கே தெரியாத பலவீனம் இந்தத் தாள் உருவலில்தான் முதலில் பிடிபடும், சட்டைப் பட்டன் போட முடியாமல் போவதற்கு வெகு முன்பே.

அடுத்து கட்டைவிரல்: கை அதே நிலையில், கட்டைவிரலைக் கூரையைப் பார்த்து நேராகத் தூக்கி நிறுத்தச் சொல்லி, ஆள்காட்டி விரல் பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். மணிக்கட்டுக்கு, உள்ளங்கை கீழே பார்க்க, கையை முஷ்டி மடக்கி மேல்நோக்கி வளைத்துப் பிடிக்கச் சொல்லிக் கீழே அழுத்துங்கள், இங்கே பழுது வருவது மற்றதைவிடக் குறைவு. பாதத்துக்கு, நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை மேலே தூக்கச் சொல்லிக் கீழே அழுத்துங்கள். நடக்கும்போது ஒரு கால் செருப்பு மட்டும் தரையில் "சரக் சரக்" என்று உரசுவதும், அந்தச் செருப்பின் முன்நுனி மட்டும் தேய்வதும் பாதம் தொங்கத் தொடங்கியதன் அடையாளம்.

கண்ணுக்கு, தூங்குவது போல மெதுவாக மூடச் சொல்லுங்கள். இமைகளுக்கு நடுவே வெள்ளை தெரிகிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். பிறகு இறுக்கி மூடச் சொல்லி, கீழிமையை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள்.

மாற்றம் தெரிந்தால்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். போன மாதம் டிக் போட்ட இடத்தில் இந்த மாதம் பெருக்கல் குறி விழுந்தாலோ, பலம் ஒரு படி இறங்கினாலோ, முழங்கையிலோ முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்திலோ நரம்பு வலித்தாலோ, பழைய தேமல் திடீரென்று சிவந்து உப்பினாலோ, வலிக்கும் சிவப்புக் கட்டிகளோடு காய்ச்சல் வந்தாலோ, கண் சிவந்து மங்கலானாலோ, அடுத்த மாத்திரை வாங்கும் தேதி வரை காத்திருக்காதீர்கள். அந்த வாரமே போங்கள், கண் என்றால் அன்றைக்கே. இதற்கு ரியாக்‌ஷன் என்று பெயர், எதிர்ப்பு அணுக்கள் நரம்பில் கொந்தளிப்பதுதான் அது. பலம் போய் 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் நரம்பு மீள நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதற்கு மேல் தள்ளத் தள்ள வாய்ப்பு சுருங்குகிறது.

வலி இருந்தால்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். துளி வலியோ வீக்கமோ இல்லாமல் சத்தமின்றி நரம்பு செயலிழப்பதும் சகஜம், அதை வீட்டில் கண்டுபிடிக்க இந்தச் சோதனையை விட்டால் வேறு வழியே இல்லை.

அங்கே போய் "கை ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் ஒரு சத்து மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். நோட்டைக் காட்டி, "போன மாசம் சுண்டுவிரல்ல பலம் இருந்துச்சு, இப்போ தாள் நிக்கல, இந்த இடம் புதுசா மரத்திருக்கு" என்று சொல்லுங்கள். நரம்புச் சோதனையை அவர்களும் செய்து பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்களுக்கு அதைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு.

சிகிச்சை பெரும்பாலும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. பெரியவர்களுக்கு வழக்கமாகத் தினம் 40 மில்லிகிராம் அளவில் தொடங்கி மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். இதை மருந்துக்கடையில் நீங்களே வாங்கிப் போடவும் கூடாது, வலி நின்றதும் திடீரென்று நிறுத்தவும் கூடாது, இரண்டுமே ஆபத்து. சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய், வயிற்றுப்புண் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நரம்பு வீங்கியிருக்கும் நாட்களில் அந்தக் கையை மடக்காமல், தொங்கவிடாமல், துணித்தூளியிலோ சிம்பிலோ ஓய்வில் வையுங்கள். பளு தூக்குவதும் உடற்பயிற்சியும் அப்போது கூடாது. கூட்டு மருந்து மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கூட்டு மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் என்ற மருந்துகள், நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ, அரசு மருத்துவமனையில் முற்றிலும் இலவசம். ரிஃபாம்பிசின் போட்ட நாளில் சிறுநீர் சிவக்கும், பயப்பட வேண்டாம். குளோஃபாசிமின் தோலைக் கருக்கடிக்கும், இதைக் கண்டு மருந்தை நிறுத்தியவர்கள் ஏராளம்; கோர்ஸை முழுசாக முடித்த சில மாதங்களிலிருந்து நிறம் மெல்லத் திரும்பிவிடும். டாப்சோன் தொடங்கிய முதல் வாரங்களில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் தோல் பரிசோதனை செய்து, தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று: பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் ரியாக்‌ஷன் வர வாய்ப்பு கூடுதல். குழந்தையைப் பார்க்கிற மும்முரத்தில் தன் கையை யாரும் பார்ப்பதில்லை, வீட்டில் இருக்கிற மற்றவர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

மரத்துப்போன கை, காலுக்கு

தொழுநோய் விரலைத் தின்றுவிடும் என்ற நம்பிக்கை நூற்றாண்டுகளாக இருந்தது. வேலூர் சிஎம்சியில் 1940களின் இறுதியில் வேலை தொடங்கிய அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவர் குழுவினரும், கிருமி விரலை உதிர்ப்பதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களும் சூடும் புண்ணும்தான் விரலைக் குறைக்கின்றன என்று நோயாளிகளின் ஒவ்வொரு காயத்தையும் தேடிப் பார்த்து நிரூபித்தார்கள். பூட்டில் சாவி திரும்பாவிட்டால் நாம் வலி வந்ததும் விட்டுவிடுவோம், வலி இல்லாதவர் தசை கிழியும்வரை திருகுவார். தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது. காயத்தைத் தடுத்தால் விரல் முழுசாக இருக்கும் என்பதுதான் இதன் பொருள், எனக்கு இந்தத் துறையிலேயே அதிக நம்பிக்கை தரும் விஷயம் இது.

பராமரிப்பு வேலையைத் தினசரி இரவு ஒரு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளியில் சாதாரணத் தண்ணீர், வெந்நீர் கூடவே கூடாது, சூடு உங்களுக்குத் தெரியாது. கை காலை 20 நிமிடம் ஊறவிடுங்கள். ஊறிய காய்ப்பையும் பித்தவெடிப்பின் ஓரத்தையும் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேயுங்கள், பிளேடு வேண்டாம். துடைக்காமல் ஈரம் சொட்டுவதை மட்டும் வழித்துவிட்டு உடனே தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவுங்கள். வியர்வை நரம்பு போனதால் அந்தத் தோல் தானாக ஈரம் பிடிக்காது, நாம் ஏற்றிய தண்ணீரை எண்ணெய்தான் உள்ளே நிறுத்திவைக்கும். எண்ணெய்க் கையோடேயே மடங்கும் விரல்களை மற்றக் கையால் நீவி நீவி நேராக்குங்கள், ஒவ்வொரு விரலுக்கும் பத்து முறை. மூட்டு இறுகாமல் இருந்தால்தான் பிற்பாடு அறுவை சிகிச்சைக்கே வழி இருக்கும்.

பிறகு வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள், உள்ளங்காலைக் கண்ணாடி வைத்து. தேடுவது புண்ணை மட்டும் இல்லை. ஒரு இடம் மட்டும் சிவந்திருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சூடாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் நாளைய புண். இரண்டு நாள் அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்தால் அது புண்ணாகவே மாறாது.

சமையலறையில் எவர்சில்வர் டம்ளரும் தோசைத் திருப்பியும் மோசமான எதிரிகள். மரப்பிடி போட்ட கரண்டி, தடித்த பிடித்துணி, இடுக்கி, இவை கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கட்டும். பாத்திரம் சுடுகிறதா என்று உணர்ச்சி இருக்கும் இடத்தால், முழங்கையாலோ மேல்கையாலோ, பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். பீடி சிகரெட் விரலைச் சுட்டுப் புகைவது மூக்குக்குத்தான் முதலில் தெரியும், விட்டுவிடுங்கள். மண்வெட்டி, அரிவாள் பிடியில் சைக்கிள் டியூபோ துணியோ சுற்றிக்கொள்ளுங்கள், தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

செருப்பு விஷயத்தில் சமரசமே வேண்டாம். உள்ளே எம்சிஆர் என்ற, நுண்துளைகள் கொண்ட மிருதுவான ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், பின்பக்கம் வார், ஆணி அடிக்காமல் தைத்ததோ ஒட்டியதோ. வேலூர் பக்கத்துக் கரிகிரி போன்ற தொழுநோய் மருத்துவமனைகளில் இதற்கென்றே பட்டறை உண்டு, அரசுத் திட்டத்திலும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். விரலிடுக்கில் பிடிக்கும் ஹவாய் செருப்பு இவர்களுக்கு ஆகாது, கழன்று விழுந்தாலும் தெரியாது. போடுவதற்கு முன் தட்டிவிட்டு உள்ளே கையை விட்டுப் பாருங்கள், விரலும் மரத்திருந்தால் கண்ணால் பாருங்கள். கருவேலமுள் செருப்பைத் துளைத்து ஏறியிருக்கும். கிரிவலத்துக்கோ பாதயாத்திரைக்கோ வெறுங்காலோடு போவேன் என்ற வேண்டுதலைத் தயவுசெய்து வேறு மாதிரி நிறைவேற்றுங்கள், உச்சிவெயில் தார் ரோடு ஒரே நாளில் உள்ளங்காலைக் கொப்புளமாக்கிவிடும்.

புண் வந்துவிட்டால் அதற்கு முதல் மருந்து நடக்காமல் இருப்பது. களிம்பு, பவுடர், ஊசி எல்லாம் அதற்குப் பின்னால்தான். மரத்துப்போன பாதத்தில் வரும் புண்ணுக்கு ஆறும் சக்தி குறைவு என்று எல்லோரும் நம்புகிறார்கள், உண்மையில் அது ஆறாமல் இருப்பது அதன் மேலேயே நடந்துகொண்டிருப்பதால்தான். சுத்தமான துணியால் கட்டி, காலை உயரத்தில் வையுங்கள். நாற்றம், சீழ், காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டுவது, புண்ணுக்குள் எலும்பு தட்டுப்படுவது, இதில் எது இருந்தாலும் மருத்துவமனை.

கண் முழுதாக மூடாதவர்கள் அடிக்கடி நினைத்து நினைத்து இமைக்க வேண்டும். கருவிழியில் உணர்ச்சி போயிருந்தால் தூசி விழுந்தாலும் உறுத்தாது, அதனால் காலையும் மாலையும் கண்ணாடியில் பாருங்கள். பகலில் கறுப்புக் கண்ணாடி, இரவில் சுத்தமான மெல்லிய துணியால் கண்ணை மறைத்துத் தூங்குவது, டாக்டர் எழுதிய சொட்டு மருந்து. தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு, நாட்டுச் சொட்டு எதையும் விடாதீர்கள்.

ஏற்கெனவே மடங்கிப்போன கைக்கும் தொங்கும் பாதத்துக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. கெடாத தசை ஒன்றின் தசைநாரை எடுத்து, செயலிழந்த தசை செய்த வேலைக்கு மாற்றித் தைப்பார்கள். மடங்கிய கைக்கு இந்த முறைகளை உருவாக்கி வளர்த்ததில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கூட்டு மருந்தை முடித்திருக்க வேண்டும் அல்லது கணிசமான பகுதி போட்டிருக்க வேண்டும், குறைந்தது 6 மாதமாக ரியாக்‌ஷனும் நரம்பு வலியும் இருக்கக் கூடாது, பலம் போய் 6 மாதத்திலிருந்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும், மூட்டுகள் இறுகாமல் நெகிழ்வாக இருக்க வேண்டும், ஆறாத புண் இருக்கக் கூடாது. இதற்கு அரசு உதவித்தொகையும் உண்டு. மாவட்டத் தொழுநோய் அலுவலகத்தில் கேட்டால் எங்கே, எப்போது என்று சொல்லி அனுப்புவார்கள்.

கண்ணுக்குச் செய்யும் ஒரு முறையில், கன்னப்பொறியில் இருக்கும், உணவை மெல்லுவதற்கு உதவும் தசையின் ஒரு கீற்றை இமை வரை கொண்டுவருவார்கள், அதற்குப் பிறகு பல்லைக் கடித்தால்தான் கண் மூடும். முதலில் விசித்திரமாக இருக்கும். பல்லைக் கடித்து இமைக்கப் பிசியோதெரபியில் பல வாரம் பழக்குவோம். எந்த அறுவை சிகிச்சையாக இருந்தாலும் மாற்றித் தைத்த தசைக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுக்கும் இந்தப் பயிற்சியை முழுசாக முடித்துவிட்டுத்தான் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும், ஆகவே தேதி குறிக்கும்போதே அறுவடை, திருவிழா, பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றையும் பார்த்து, வீட்டில் இரண்டு மூன்று மாதம் உங்களுக்கு மாற்றாக ஆள் ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள்.